"கேபி எவ்வளவு வைக்கணும் சார்?"

பணி ஓய்வுக்குப் பிறகும் சனி, ஞாயிறு என்றால் எங்கள் காரைக்குடி வீட்டுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் ரோபோ வண்டியோடு வந்துவிடுவார்கள். வெள்ளைத் தரையில் கருப்புக் கோட்டைப் பிடித்து ஓடும் சின்ன வண்டி. ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த முகப்பில் ஓடாது. பூ வேலையும் பளபளப்பும் சென்சாரைக் குழப்பிவிடும். பழைய கல்யாண பிளெக்ஸைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறோம்.

எல்லோரும் முதலில் கேட்பது, "கேபி எவ்வளவு வைக்கணும் சார்?" யூடியூபில் பார்த்த எண்ணைப் போட்டால் வண்டி பாம்பாய் நெளியும்.

கோட்டை விட்டு எவ்வளவு விலகியதோ அதற்கேற்பத் திருப்புவது கேபி. அந்த விலகல் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்த்து அடக்குவது கேடி. தீராமல் நிற்கும் சிறு விலகலைக் கூட்டிச் சேர்த்துச் சரிசெய்வது கேஐ; இந்த வண்டிக்கு அது பெரும்பாலும் வேண்டியதில்லை. கப்பல் சுக்கானைத் தானாக இயக்க, 1922-லேயே நிக்கோலஸ் மினார்ஸ்கி இந்தக் கணக்கை எழுதிவிட்டார். தேர்ந்த மாலுமி கப்பலின் விலகலை மட்டுமல்ல, அது திரும்பும் வேகத்தையும் பார்த்துத்தான் சுக்கானைப் பிடிக்கிறான் என்பதை அவர் கவனித்தார்.

நான் எண் சொல்வதில்லை. முதலில் கேடி, கேஐ இரண்டும் பூஜ்யம். கேபியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. நெளிய ஆரம்பித்தால் கேடியை ஏற்று. ஒரு தடவைக்கு ஒரு எண்தான். எல்லாவற்றையும் நோட்டில் எழுது. இவ்வளவுதான் பாடம்.

போன மாதம் ஒரு போட்டி. எங்கள் பக்கம் அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கும் பெண். முந்தின நாள் ஒழுங்காக ஓடிய வண்டி அன்று ஒரே ஆட்டம். "என்ன ஆத்தா செய்யப் போறே?" என்றேன். நோட்டைப் புரட்டினாள்.

"நேத்து பேட்டரி 7.4 வோல்ட் சார். இன்னைக்கு புல் சார்ஜ், 8.4. மோட்டார் வேகம் கூடிருச்சு."

கேபியைக் குறைத்தாள். வண்டி கோட்டில் நின்றது.

பக்கத்து மேசையில் காசு கொடுத்து முழுசாக வாங்கிய வண்டியும் நெளிந்தது. அந்த எண் எங்கே இருக்கிறதென்றே பையனுக்குத் தெரியவில்லை. அப்பா விற்றவருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். பையன் மேல் குற்றமில்லை. அவனைத் தொட விட்டால்தானே!

எங்கள் பெண்ணுக்குப் பரிசு கிடைக்கவில்லை. மறுநாள் காலையிலேயே நோட்டோடு வந்துவிட்டாள்.

பெற்றோர்களே, வண்டியை வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. அதைப் பிரித்து, மாற்றி, கெடுத்துப் பார்க்கவும் விடுங்கள்.

யார் வீட்டிலாவது மல்டிமீட்டர் சும்மா கிடந்தால் கொடுத்து விடுங்கள். எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.