எந்தப் பச்சை?

கிராமத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்கிற சொல் 'பசுமையான'. பசுமையான வயல், அழகான ஏரி, அமைதியான ஊர். பட்டணத்து நண்பர்கள் எனக்கு எழுதுவதிலும் இதுதான் இருக்கும். இந்தச் சொற்கள் மேல எனக்கு ஒண்ணும் பகை இல்லை. ஆனா எங்க ஊர் வரப்புல நின்னு ஒருத்தர் "பயிர் பச்சையா இருக்கு"ன்னு சொன்னா, பக்கத்துல நிக்கிறவர் விடமாட்டார். "எந்தப் பச்சை?" என்று கேட்பார்.

அந்தக் கேள்வியில் காசு இருக்கிறது. நெற்பயிர் மஞ்சள் ஓடிய வெளிர்பச்சையாக இருந்தால் தழைச்சத்து பத்தலை. கரும்பச்சையாகத் தழதழன்னு நின்றால் யூரியா கூடிப்போச்சு. பூச்சியும் நோயும் தேடி வரும், கதிர் பிடிக்கிற நேரத்தில் பயிர் சாயும். கண்ணை மட்டும் நம்பாமல் இருக்க இலை வண்ண அட்டை என்று ஒன்று உண்டு. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டை பட்டையாக எண் போட்டிருக்கும். காலையில், வெயில் படாமல் நம்ம உடம்பாலேயே நிழல் கொடுத்து, இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னி என்றால் 3க்குக் கீழே, மற்ற பல ரகங்களுக்கு 4க்குக் கீழே நிறம் இறங்கினால்தான் யூரியா. ஒரு பெயரடைக்கு எண் கொடுத்து வைத்திருக்கிற வேறு இடத்தை நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தவர்களுக்கு இனமுள்ள அடை, இனமில்லா அடை ஞாபகம் இருக்கலாம். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்த விஷயம்தான், ஆனால் எழுதுகிறவனுக்கு இதைவிட உபயோகமான பாடம் இல்லை. செந்தாமரையில் 'செம்மை' இனமுள்ள அடை, ஏனென்றால் வெண்தாமரை என்று இன்னொன்று இருக்கிறது. செஞ்ஞாயிறு அப்படி இல்லை. கருஞாயிறு என்று எதுவும் கிடையாது. இப்படி இனத்தைச் சுட்டாத அடை செய்யுளுக்குத்தான், பேச்சு வழக்குக்கு இல்லை என்பது தொல்காப்பியர் கணக்கு.

கழனிப் பேச்சைக் கவனித்தால் அவர் சொன்னது அப்படியே இருக்கும். மேட்டுக் கழனி என்றால் பள்ளக் கழனி ஒன்று உண்டு. உவர் நிலம், களர் நிலம் இரண்டும் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றுதான். எங்களுக்கு அப்படி இல்லை. உவர் நிலத்தில் நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்து வடித்து உப்பை இறக்கிவிடலாம். களருக்கு அது மட்டும் போதாது, ஜிப்சம் போட்டாகணும். சொல்லை மாற்றிப் போட்டால் ஒரு போகம் போச்சு.

'நல்ல தண்ணி'யில் இருக்கிற 'நல்ல'வையும் பாருங்க. அது பாராட்டு இல்லை. அதற்கு எதிர்ச்சொல் கெட்ட தண்ணி இல்லை, உப்புத் தண்ணி. பச்சைத் தண்ணியில் பச்சை நிறம் கிடையாது, காய்ச்சவில்லை என்று அர்த்தம். கோவளம் பக்கம் மீன் வாங்கப் போனால் வெறும் 'வவ்வால்' என்று கேட்டால் ஆகாது. வெள்ளையா கருப்பா என்று சொல்ல வேண்டும். விலை வேற, ருசியும் வேற.

எங்க மாவட்டத்துப் பேரையே எடுத்துக்கலாம். செங்கழுநீர்ப் பூ நிறைந்திருந்ததால் செங்கழுநீர்ப்பட்டு, அது தேய்ந்து செங்கல்பட்டு ஆனது என்பார்கள். 'செம்' நின்றுவிட்டது, பூ உதிர்ந்துவிட்டது. இப்போது பேரைக் கேட்கிற யாருக்கும் சூளைச் செங்கல்தான் கண்ணில் வரும்.

பெயரடை தேடித் தவிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தமிழில் நல்ல அடைகள் வினைச்சொல்லில்தான் ஒளிந்திருக்கின்றன. உழுத கழனி, நட்ட கழனி, அறுத்த கழனி, அறுக்காத கழனி. 'அழகான' என்பது பார்த்தவரின் அபிப்பிராயம். 'அறுத்த' என்றால் வேலை நடந்திருக்கிறது, காலம் தெரிகிறது, நவரையா சொர்ணவாரியா என்று அடுத்த கேள்வி தானாக வரும். மதுராந்தகத்தில் இருக்கிற ராமருக்கு 'ஏரி காத்த ராமர்' என்று பேர். 1790களில் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், அடைமழை இரவில் உடைய இருந்த கரையில் வில்லோடு இருவர் காவல் நிற்பதைப் பார்த்தார் என்பது கதை. கருணையுள்ள ராமர் என்றால் எல்லா ஊர் ராமருக்கும் பொருந்தும். ஏரி காத்த ராமர் என்றால் அப்படிப் பொருந்தாது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஒரு நோட்டீஸ். மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையை ஒட்டி மனைப்பிரிவு. 'இயற்கை எழில் கொஞ்சும் சூழல், சுவையான நிலத்தடி நீர்' என்று போட்டிருந்தது. அந்த இடத்தை எனக்குத் தெரியும். சுற்றி இருக்கிறவங்க வாயில் அதுக்குப் பேர் உப்பங்கொல்லை.

'சுவையான' என்பது அப்பட்டமான பொய்யும் இல்லை. கடலோர மணலில் மழைத் தண்ணி மேலாக நிற்கும். அடியில் உப்புத் தண்ணி. மார்கழி, தையில் குடித்துப் பார்த்தால் இளநீர் மாதிரிதான் இருக்கும். ஆளாளுக்கு ஆழமாக போர் போட்டு இழுக்க ஆரம்பித்தால் உப்பு மேலே ஏறிவிடும். ஏறினது லேசில் இறங்காது. நோட்டீசில் அந்தச் சொல்லுக்கு மாதம் போடவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் ரெண்டு பேர் காரை நிறுத்தி வழி கேட்டார்கள். "உப்பங்கொல்லைக்குத்தானே?" என்றேன். இல்லைங்க என்று மனைப்பிரிவின் பேரைச் சொன்னார்கள். பூ பேர் ஒன்று. பேர் மாறிவிட்டால் அந்த 'உப்பு' இனி யாருக்கும் எச்சரிக்கை சொல்லாது.

வாங்க நினைக்கிறவர்கள் மே மாசக் கடைசியில் ஒரு தடவை வாங்க. பக்கத்து போரில் ஒரு வாய் தண்ணி குடிச்சுப் பாருங்க. அப்படியே கிராம நிர்வாக அலுவலரிடம் அ பதிவேட்டையும் கேட்டுப் பாருங்க. அதில் நன்செய், புன்செய் என்பதோடு 'மண் வயனமும் ரகமும்' என்று ஒரு கட்டம் இருக்கும்.