கார்க் மாற்றும் நாள்

ஊரின் பெயர் ஆரோ. ரோமன் எழுத்தில் முன்னால் ஒரு 'ஹெச்' நிற்கும். ஸ்பானியர்கள் அதை உச்சரிப்பதில்லை. “நாளை ஆரோவில் இருப்பேன், பழைய ஒயின் பார்க்கப் போகிறேன்” என்று சென்னை நண்பருக்குச் செய்தி அனுப்பினேன். “பாண்டிச்சேரிதானே, வரும்போது எனக்கும் ஒன்று” என்று பதில் வந்தது.

இந்த ஆரோ ஸ்பெயினின் வடக்கே, லா ரியோஹாவில், எப்ரோ ஆற்றின் பக்கம் இருக்கிறது. கோயிலைச் சுற்றித் தேர்வீதி அமைந்த ஊர்களைப் பார்த்துப் பழகியவனுக்கு, ரயிலடியைச் சுற்றிக் கிடங்குகள் அமைந்த தெரு விசித்திரமாகத்தான் பட்டது. எல்லாம் ஒரு பூச்சியால் வந்தது. திராட்சைக் கொடியின் வேரை உறிஞ்சும் ஃபிலாக்ஸெரா 1860-களில் பிரான்ஸில் பரவியது. கொடி பட்டுப்போனதும் போர்தோ வியாபாரிகள் சரக்கு தேடி மலை தாண்டி வந்தார்கள். அதே காலத்தில்தான் ஆரோவுக்கு ரயிலும் வந்திருந்தது. பீப்பாயை உருட்டி வண்டியில் ஏற்றினால் பில்பாவோ துறைமுகம். 1877-ல் லோபெஸ் தே எரேதியா, 1879-ல் குனே, 1890-ல் லா ரியோஹா அல்தா என்று நிலையத்தை ஒட்டியே கிடங்குகள் எழும்பின. காசு புரண்ட வேகத்தில் 1890-லேயே தெருவுக்கு மின்விளக்கு. ஸ்பெயினிலேயே அது முந்திய ஊர்களில் ஒன்று. “ஆரோ வந்தாச்சு, விளக்கு தெரியுதே” என்பது அந்தப் பக்கத்துச் சொலவடை. அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் பூச்சி இங்கேயும் வந்து சேர்ந்தது.

நான் போனது மேலே சொன்ன எதற்கும் அல்ல; சின்னக் கிடங்கு. பெயரை எழுத வேண்டாம் என்பது பேச்சு. மொழிக்குத் துணையாக வந்தவள் பில்பாவோவில் படிக்கும் மதுரைப் பெண். “நான் குடிக்க மாட்டேன் சார், எங்க வீட்டுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்” என்று ரயிலேறும்போதே சொல்லிவிட்டாள்.

முதலில் கொட்டில். பீப்பாய் கட்டுபவர்கள் இரண்டு பேர். வாசலில் ஓக் மரச் சட்டங்கள் அடுக்கடுக்காக வெயிலிலும் மழையிலும் கிடந்தன. இரண்டு மூன்று வருஷம் அப்படியே கிடக்க வேண்டும். மரத்தின் கசப்பை மழை கழுவிக்கொண்டு போகும். பிறகு சட்டங்களை வளையத்துக்குள் நிற்கவைத்து, நடுவில் மரச்சீவலைக் கொளுத்தி, வெளிப்பக்கம் ஈரத்துணியால் தடவிக்கொண்டே இறுக்குகிறார்கள். சூட்டில் மரம் இளகி வளைந்துகொடுக்கிறது. ஆணி இல்லை, பசை இல்லை. மூடி பொருந்தும் பள்ளத்தில் மட்டும் கோதுமை மாவைக் குழைத்துப் பூசுகிறார்கள். மூடிப் பலகைகளின் இடுக்கில் நம் பாய்க்கோரை மாதிரி ஒரு நீர்ப்புல்லின் காய்ந்த தாளைச் செருகுகிறார்கள். கொள்ளளவு 225 லிட்டர். முன்னூறு பாட்டில் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

தீயணைந்த பீப்பாய்க்குள் தலையை விட்டு முகரச் சொன்னார்கள். கொப்பரைத் தேங்காய். சந்தேகமே இல்லை, செக்கடியில் நிற்கிற மாதிரி இருந்தது. இந்த மரம் அமெரிக்காவிலிருந்து வருவது. தேங்காய் மணம் தரும் லாக்டோன் என்ற பொருள் பிரெஞ்சு ஓக்கைவிட அமெரிக்க ஓக்கில் அதிகம். அது ஒயினில் இறங்கும். பழைய ரியோஹா ஒயினை முகர்ந்து வெனிலா, தேங்காய் என்று ஐரோப்பியர்கள் எழுதுவதைப் படித்து, அளக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நிலவறைக்கு நாற்பது படி இறங்க வேண்டும். மணற்பாறையைக் குடைந்த சுரங்கம். மே மாதத்திலும் சட்டைக்கு மேல் ஒன்று வேண்டியிருந்தது. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு போலப் பூஞ்சை. காற்றில் கலக்கும் ஆல்கஹால் ஆவியை உண்டு வளர்வது. ஒட்டடையை யாரும் அடிப்பதில்லை. கார்க்கைத் துளைக்கும் அந்துப்பூச்சியைச் சிலந்தி பிடித்துக்கொள்ளும் என்பது இவர்கள் நம்பிக்கை. என் அம்மா பார்த்திருந்தால் துடைப்பத்தைத் தேடியிருப்பாள்.

நிலவறைக்குப் பொறுப்பானவர் அறுபதை நெருங்கியவர். முப்பத்தெட்டு வருஷ வேலை. எடுத்த எடுப்பிலேயே அவர் சொன்னது எனக்குப் புதிது: “ஒயின் தூங்குகிறது என்று சுற்றுலா வருகிறவர்களிடம் சொல்வார்கள். அது தூங்கினால் எனக்கு எதற்குச் சம்பளம்?”

ரியோஹாவின் சட்டப்படி ஒரு சிவப்பு ஒயினை 'கிரான் ரெசெர்வா' என்று சொல்ல மொத்தம் 60 மாதம் முதிர்ந்திருக்க வேண்டும். அதில் 24 மாதமாவது பீப்பாயில், 24 மாதமாவது பாட்டிலில். பழைய வழக்கத்தை விடாதவர்கள் பீப்பாயிலேயே எட்டு, பத்து வருஷம் வைப்பார்கள். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, ஊறுகாய் ஜாடியை மூடிவைப்பது போல மூடி வைத்துவிடுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று காலை அந்த நினைப்பு போயிற்று.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பீப்பாயையும் இறுக்கிறார்கள். சோறு வடிப்பது வேறு, இறுப்பது வேறு என்று தெரிந்த பாட்டிகளின் பேரன் என்பதால் இந்தச் சொல்லைப் போடுகிறேன். மேல் பீப்பாயின் முகப்பில் அடியருகே ஒரு குழாய். அதன் வழியாக ஒயின் தன் எடையிலேயே கீழ்ப் பீப்பாய்க்கு இறங்கும். பம்பு கிடையாது. கடைசிப் பத்துப் பதினைந்து லிட்டர் வரும்போது ஒருவர் பின்பக்கம் மெல்லத் தூக்கிச் சாய்க்கிறார். பெரியவர் கிளாஸில் பிடித்து மெழுகுவர்த்திச் சுடருக்கு முன்னால் தூக்கிப் பார்க்கிறார். சுடர் கூர்மையாகத் தெரியும்வரை விடலாம். சுடரின் ஓரம் சற்றே மங்கியதும் “பாஸ்தா!” குழாய் மூடப்படும். அந்த ஒரு நொடிக்குத்தான் முப்பத்தெட்டு வருஷம். மிச்ச வண்டலைக் கொட்டி, வெந்நீர் விட்டுக் கழுவி, உள்ளே கந்தகத் திரி கொளுத்துகிறார்கள். தும்மல் வந்தது. பிறகு அடுத்த பீப்பாய். நான் ஆறு பார்ப்பதற்குள் கால் கடுத்தது. உள்ளே ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

தெளிந்தது என்பதால்தான் நம் பழம்பாட்டுக்காரர்கள் கள்ளின் தெளிவைத் தேறல் என்றார்கள். மூங்கில் குழாயில் அடைத்து முதிரவைத்த தேறலும் சங்கப் பாட்டில் உண்டு. யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறனுக்குச் சொல்லும் புறநானூற்றுப் பாட்டும் உண்டு, நக்கீரர் பாடியது. அந்தச் சொல்லை வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், பிராந்தி விற்ற கடைக்கெல்லாம் 'ஒயின்ஸ்' என்று போர்டு மாட்டினோம். அந்தப் போர்டுகளுக்குள் ஒரு நாளும் ஒயினைப் பார்த்ததில்லை.

நான் போன நாள் அதிர்ஷ்டமான நாள். பழைய பாட்டில்களுக்குக் கார்க் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நல்ல கார்க்கும் முப்பது நாற்பது வருஷத்தில் தளர்ந்துவிடும். ஒயின் கசிந்து மட்டம் பாட்டிலின் தோளுக்கு இறங்கும், அந்த இடத்தில் காற்று உட்காரும். மேசைமேல் 24 பாட்டில்கள், 1964-ம் ஆண்டு அறுவடை. ரியோஹாவின் அரிய ஆண்டுகளில் ஒன்று என்று அந்த ஊரே தலையில் வைத்துக் கொண்டாடும் ஆண்டு. எனக்கு அந்த எண் வேறு மாதிரி கேட்டது. இந்தச் சாறு பொங்கி அடங்கிக் கிடந்த டிசம்பரில்தான் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது.

இரண்டு நாளாக நிற்கவைத்திருந்தார்கள், வண்டல் அடியில் படிய. பெரியவர் திருகு ஊசியைத் தொடவே இல்லை. மக்கிய கார்க்கில் அது புட்டில் குச்சி செருகிய மாதிரிதான். இரட்டைத் தகட்டுக் கருவியைக் கார்க்கின் இரு ஓரத்திலும் நுழைத்து, ஆட்டி ஆட்டி எடுத்தார். அதற்கும் மசியாத ஒன்றுக்குக் குறட்டை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, பாட்டில் கழுத்தில் கவ்வவைத்து, எடுத்த கையோடு ஈரத்துணியைச் சுற்றினார். டிக். கழுத்து கார்க்கோடு தனியே வந்தது.

திறந்த ஒவ்வொன்றிலும் ஒரு வாய் ஊற்றி முகர்வார். சுவைப்பார், மரத்தூள் வாளியில் துப்புவார். தேறினால், அதே ஆண்டின் இன்னொரு பாட்டிலிலிருந்து ஊற்றி மட்டத்தைச் சரிசெய்து புதுக் கார்க் அடிப்பார்கள். தேறாததைச் சாக்கடையில் கொட்டுவார்கள். நான்காவது பாட்டிலை முகர்ந்ததும் முகத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார். மழையில் நனைந்து மூலையில் கிடந்த கோணிச்சாக்கு. கார்க்கிலிருந்து வரும் ட்ரைகுளோரோஅனிசோலின் வேலை. ஒரு லிட்டருக்குச் சில நானோகிராம் போதும். அறுபது வருஷம் காத்த பாட்டில், வழிந்தோடியதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மட்டம் நிரப்பப் பலியான பாட்டிலின் மிச்சத்தில் எனக்குக் கால் கிளாஸ் கிடைத்தது. சிவப்பு ஒயின் என்கிறோம். இது பழைய ஓட்டின் நிறம், விளிம்பில் தேநீர். நிறமியும் துவர்ப்பும் ஒன்றையொன்று பற்றிச் சங்கிலியாக நீண்டு, கனம் தாங்காமல் அடியில் விழுந்துவிடுகின்றன. பாட்டிலின் அடியில் கறுப்பாகப் படிந்திருப்பது அந்த வண்டல்தான், ஒயினின் இளமைத் துவர்ப்பு. புதிய ஒயினைக் காற்றாடவிட்டால் மலரும். இதைக் காற்றாடவிட்டால் ஒரு மணி நேரத்தில் படுத்துவிடும், சீக்கிரம் குடி என்றார்.

முதலில் எதுவுமே வரவில்லை. பழம் இல்லை, இனிப்பு இல்லை. ஏமாற்றத்தோடு இரண்டாம் முறை முகர்ந்தேன். காய்ந்த இலை, பழைய தோல்செருப்பு, எங்கோ கொப்பரை. அதற்கும் அடியில் நன்றாகத் தெரிந்த ஒன்று, பெயர் மட்டும் நாக்குக்கு வரவில்லை. கிளாஸை அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். முகர்ந்தாள். “அம்மாச்சி வீட்டுப் புளிப்பானை சார்.”

அதேதான். கொட்டை நீக்கி, உப்புப் போட்டு அடைத்து, கறுத்துப்போன பழைய புளி. வாயில் வைத்தபோது அந்தப் புளிப்புதான் ஒயினை நிமிர்த்திப் பிடித்திருந்தது. மற்ற எல்லாம் உதிர்ந்தும் புளிப்பு மட்டும் நின்றுவிட்டிருந்தது. விழுங்கிய பிறகும் வெகுநேரம் போகவில்லை. நான் துப்பவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மதியம் அவர்களோடு சாப்பாடு. காய்ந்த திராட்சைக் கொடியின் தணலில் சுட்ட ஆட்டு விலா. குவளையில் போன வருஷத்து ஒயின், பீப்பாயையே பார்க்காதது. பழையது வீட்டில் எத்தனை இருக்கிறது என்று பெரியவரைக் கேட்டேன். ஒன்றுகூட இல்லையாம். “வேலையை வீட்டுக்குக் கொண்டுபோவேனா?” அவர் இந்த வருஷம் பீப்பாயில் போட்டது கிரான் ரெசெர்வாவாக வெளியே போகும்போது அவர் ஓய்வு பெற்றிருப்பார். இன்று அவர் திறந்த 1964-ஐ இறுத்தவர்களில் ஒருவரையும் அவர் பார்த்ததில்லை. அதைச் சொல்லும்போது குரலில் எதுவும் மாறவில்லை. விலாவைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

கிளம்பும்போது அந்தப் புளியைப் பற்றிக் கேட்டார். மரத்திலா, எத்தனை வருஷம் தாங்கும், பானை மண்ணா, வெயிலில் காட்ட வேண்டுமா, யார் காட்டுவார்கள்? எனக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பெண் ஸ்பானியத்தில் சொல்ல ஆரம்பித்தாள். கைகள் பானையின் வாயை வரைந்தன, உருண்டை பிடித்தன, துணி கட்டின. நடுவில் 'அம்மாச்சி' மட்டும் எனக்குப் புரிந்தது. மொழிபெயர்க்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டாள். மேசையில் இன்னும் பதினோரு பாட்டில் மிச்சம் இருந்தது. உதவியாள் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தான், பெரியவர் கையால் அமர்த்திவிட்டு, “பிறகு?” என்று அவளைக் கேட்டார்.