எத்தனை வெக்கட்டுங்க்கா?

பொள்ளாச்சியில் நான் வழக்கமாகப் போகும் பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கிற தம்பி, "எத்தனை வெக்கட்டுங்க்கா?" என்று கேட்கும்போதெல்லாம் பதினெட்டு என்று சொல்ல வாய் வரும். விழுங்கிவிட்டு, "30 வைப்பா" என்பேன். ஆல்டோவுக்கு 18 வைத்தால் வீடு போய்ச் சேருவதற்குள் டயர் நைந்துவிடும். அந்த 18, ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்து மலைத்தடங்களில் என் பழைய நிசான் பேட்ரோலுக்கு வைத்த கணக்கு. வண்டியை விற்று மூன்றரை வருடம் ஆகிறது. கணக்கு மட்டும் நாக்கு நுனியிலேயே நிற்கிறது.

மெல்போர்னில் பன்னிரண்டு வருடம் நர்ஸாக இருந்தேன். வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஓர் அழைப்பு மணி. தொடர்ந்து ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து படுத்தால் தூக்கத்திலும் அது அடிக்கும்; எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடியிருக்கிறேன். ஷிஃப்ட் முடிந்தால் சேர்ந்தாற்போல நான்கு நாள் லீவு வரும். மற்றவர்களைப் போல நானும் முதலில் அதைத் தூங்கியும், டேண்டினாங்கில் வெண்டைக்காயும் முருங்கைக்காயும் வாங்கியும், கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோவிலுக்குப் போயும் கழித்தேன். பிறகு, என்னைவிடப் பதினைந்து வயது மூத்த சக நர்ஸ் ஒருவர் ஒருமுறை தன் வண்டியில் மலைக்குக் கூட்டிப் போனார். அடுத்த வருடமே, 2013-ல், ஒரு 1996 மாடல் பேட்ரோலை வாங்கிவிட்டேன். டீசல் வண்டி. ஏற்றத்தில் கிழவர் மாதிரி முனகும், ஆனால் நிற்காது. பின்சீட்டைக் கழற்றிப் பலகை அடித்து, ஒரு பக்கம் அடுப்புச் சாமான், ஒரு பக்கம் மண்வெட்டி, கயிறு, தண்ணீர் கேன் என்று அடுக்கினேன்.

"யாரு கூடப் போற கண்ணு?" என்று போனில் அம்மா கேட்பார்.

"ஃப்ரெண்ட்ஸ் கூடம்மா."

எட்டு வருடம் அதே பொய். அலுக்காமல் சொன்னேன்.

போன வழியைச் சொல்கிறேன். மெல்போர்னிலிருந்து வடகிழக்கே இரண்டரை மணி நேரம் ஓட்டினால் மேன்ஸ்ஃபீல்ட். அங்கே டீசல் நிரப்பிக்கொண்டு, மெரிஜிக் ஊரைத் தாண்டி வலது பக்கம் இறங்கினால் தார் முடிந்து மண் ரோடு. அது ஹௌக்குவா ஆற்றங்கரையில் ஷீப்யார்டு ஃபிளாட் என்ற புல்வெளிக்குக் கொண்டுபோய் விடும். விடுமுறை நாளில் அங்கே திருவிழாக் கூட்டம். நான் ஈஸ்டர் முடிந்து எல்லாரும் இறங்கிப் போன பிறகுதான் போவேன். ஜூன் மாதத்து நீண்ட வார விடுமுறை கழிந்ததும் குளிர்காலத்துக்காகப் பல தடங்களுக்குக் கேட் போட்டுவிடுவார்கள். ஈரத்தில் வண்டி ஏறினால் தடம் உழவுக்காடாகிவிடும். திறப்பது அக்டோபர் கடைசியில், மெல்போர்ன் கப் குதிரைப் பந்தய விடுமுறையை ஒட்டி. அந்த நாலரை மாதம் எனக்குக் கொஞ்சம் துக்க காலம்தான்.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்குவேன். முன்சக்கரங்களின் நடுவில் ஒரு குமிழ் உண்டு. 'ஃப்ரீ' என்று இருப்பதை 'லாக்' பக்கம் திருப்ப வேண்டும். புது வண்டிகளில் எல்லாம் பட்டனோடு போச்சு. இதில் குனிந்து, சேறு துடைத்து, கையால் திருப்பினால்தான் நான்கு சக்கரமும் இழுக்கும். அப்புறம் ஒவ்வொரு டயராகக் காற்றை இறக்குவது. வால்வை அழுத்தினால் ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். 35-லிருந்து 25-க்கு, தடம் மோசம் என்றால் 18-க்கு. காற்று குறைந்தால் டயர் சப்பையாகி, சப்பாத்தி மாவு கல்லில் ஒட்டுவது போல மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நாலு டயருக்கும் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தில் வார்டு என் காதிலிருந்து இறங்கிவிடும்.

மேலே போகப் போக மரம் மாறும். ஆற்றோரம் மலையாட்டம் பருத்த மன்னா கம் மரங்கள். அதற்குமேல் அல்பைன் ஆஷ், கோவில் கொடிமரம் போல நேராக. 1,700 மீட்டரைத் தாண்டும் 'பிளஃப்' பாறைமுகட்டை நெருங்கினால் ஸ்னோ கம். காற்றும் பனியும் முறுக்கிப் பிழிந்த குட்டை மரம், பட்டையில் பச்சையும் செம்மண் நிறமுமாகக் கோடுகள். 2006 டிசம்பரில் பிடித்த தீ இந்த மலைகளில் பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் தின்றது. 'தி மேன் ஃப்ரம் ஸ்னோயி ரிவர்' என்ற 1982-ஆம் வருடப் படத்துக்காகப் போட்ட மரக்குடில், கிரெய்க்ஸ் ஹட், அந்தத் தீயில்தான் போனது. திரும்பக் கட்டிவிட்டார்கள், எல்லாரும் அங்கேதான் படம் எடுப்பார்கள். எனக்கென்னவோ குடிலைவிட வழியில் தெரிந்த காடுதான் மனசில் நின்றது. செத்த ஆஷ் மரங்கள் வெளுத்துப்போய் ஆயிரக்கணக்கில் நிற்க, அவற்றின் காலடியில் ஒரே உயரத்தில் கன்றுகள், ஒரே வகுப்புப் பிள்ளைகள் மாதிரி. கடும் தீ பட்டால் அல்பைன் ஆஷ் செத்துப்போகும், துளிர்க்காது. விதையைக் கொட்டிவிட்டுச் சாகும். அந்த விதையில் முளைத்தது தானும் போதுமான விதை வைக்க ஏறக்குறைய இருபது வருடம் வேண்டும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் அந்த இடத்தில் ஆஷ் காடு என்பதே இல்லாமல் போய்விடும்.

2017 ஏப்ரல் பயணத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. மூன்றாம் நாள். தூறல். குளிரில் இறங்கச் சோம்பல்பட்டு, 'பக்கம்தானே' என்று காற்றைக் குறைக்காமல் ஒரு களிமண் இறக்கத்தில் விட்டேன். பாதி இறக்கத்தில் வண்டி என் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது. பிரேக் மிதித்தால் சோப்பு மேல் நடப்பது போல மெதுவாக, மிகவும் மரியாதையாகப் பக்கவாட்டில் வழுக்கிப்போய், இடது சக்கரம் இரண்டும் ஓடைப் பள்ளத்தில் இறங்கி நின்றது. கதவைத் திறந்தால் வானம் தெரிந்தது.

ரேடியோவை எடுத்து 10-ஆம் சேனலில் கூப்பிட்டேன். மலைத்தடத்தில் வண்டிக்காரர்கள் பேசும் சேனல். இரைச்சல்தான் பதில். அவசரத்துக்கு அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே மீட்புக் குழுவுக்கே சேதி போகும் கைக்கருவி ஒன்றும் இருந்தது. கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். உயிர் ஒன்றும் போகவில்லையே, மானம்தானே போகிறது.

மண்வெட்டியை எடுத்தேன். அப்பா தென்னைக்கு வட்டப்பாத்தி கட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். மண்ணை வெட்டி எந்தப் பக்கம் போடுவது என்று கைக்குத் தெரியும். டயருக்கு முன்னால் சரிவாக வெட்டி, அந்தச் சரிவில் பல் வைத்த பிளாஸ்டிக் பலகைகளைச் செருகி, இப்போதாவது காற்றை 18-க்கு இறக்கி, லோ ரேஞ்சில் முதல் கியர். ஏறவில்லை. இன்னும் வெட்டு. ஒரு பலகை பின்னால் தெறித்து விழுந்தது. இன்னும் வெட்டு. மூன்று மணி நேரம். நான்காவது முறை வண்டி ஒரு குலுங்கு குலுங்கித் தடத்தில் ஏறியது. எஞ்சினை அணைக்காமல், முழங்கால் வரை சேற்றோடு, ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தேன்.

அந்த மூன்று மணி நேரத்தில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. "நகருங்கக்கா, நான் பாக்கறேன்" என்று சாவியைப் பிடுங்க ஆள் வரவில்லை. பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு ஏக்கம் எதில் என்று யாராவது கேட்டால் மலையைக் காட்டுவதா, இதைக் காட்டுவதா என்று எனக்கே குழப்பம்தான்.

அன்று ராத்திரி ஆற்றங்கரையில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி நெருப்பு மூட்டினேன். அங்கே அது சட்டம். சுற்றி மூன்று மீட்டருக்குச் சருகு இருக்கக் கூடாது. அலுமினியச் சட்டியில் அரிசியும் பருப்பும் சாதம்: சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், டேண்டினாங்கில் வாங்கிய துவரம்பருப்பு. கொங்கு நாட்டுக்காரிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும். காய்ந்த யூகலிப்டஸ் சுள்ளி பிடித்ததும் நீலகிரித் தைலம் மணந்தது. சளி பிடித்தால் அம்மா நெஞ்சில் தேய்த்துவிடும் அதே வாசனை, உள்ளங்கைச் சூடு மட்டும் இல்லை. 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்த மரம், எங்கள் வீட்டுத் தைலப் புட்டிக்குள் புகுந்து, கடைசியில் அதன் சொந்த மண்ணில் வைத்து என்னை அழவைத்தது. அங்கே உட்கார்ந்துகொண்டு பொள்ளாச்சிக்கு ஏங்கினேன். இப்போது பொள்ளாச்சியில் அப்பாவின் முட்டிக்குத் தைலம் தேய்க்கும்போது ஹௌக்குவா வந்து நிற்கிறது. மனசுக்கு ஓர் இடத்தில் இருக்கத் தெரியாது போல.

காலையில் படுக்கையின் கித்தான்மேல் உறைபனி நொறுங்கும். பக்கத்துப் பாறைமேல் வாம்பேட் எச்சம் கிடக்கும். ஒவ்வொன்றும் தாயக்கட்டை மாதிரி சதுரமாக! உலகத்தில் வேறு எந்தப் பிராணியும் இப்படிப் போடுவதில்லையாம். அதை வைத்து எல்லை குறிக்கிற அந்த ஒழுங்கை எங்கள் வார்டில்கூடப் பார்த்ததில்லை.

அப்பா படுக்கையில் விழுந்ததும் திரும்பி வந்தேன். அதில் வருத்தமில்லை. வண்டியை ஒரு இளம் தம்பதியிடம் கொடுத்தேன். சக்கரக் குமிழைத் திருப்பும் விதத்தை மூன்று முறை செய்து காட்டினேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண்ணின் பழக்கவழக்கம் சொல்வது போல இருந்திருக்கும். காற்றுமானியை மட்டும் கொடுக்கவில்லை.

இங்கே மொட்டை மாடியில் நின்றால் ஆனைமலை தெரியும். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. ஆனால் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்திப் படுக்க முடியாது, படுக்கவும் கூடாது. ஆனை நடக்கிற காடு. காடர்களும் மலசர்களும் வாழ்கிற காடு. நான் தனியாகத் தூங்குவதற்காக அதைத் திறந்துவிடச் சொல்ல எனக்கு வாய் வராது. ஹௌக்குவாவும் ஆளில்லாத காடாக இருந்ததில்லை. டாங்குரங் மக்களின் மண் அது. எனக்குக் கிடைத்த தனிமை, அவர்களை அங்கிருந்து துரத்தியதில் கிடைத்த மிச்சம். அதையும் சேர்த்துத்தான் ஏங்குகிறேன், பொய் சொல்வானேன்.

போன மாதம் அம்மாவிடம் உடைத்துச் சொன்னேன். அத்தனை தடவையும் தனியாகத்தான் போனேன் என்று. அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும் கண்ணு. நீ அனுப்பின போட்டோ ஒண்ணுலயாவது வேற ஆளு இருந்துச்சா?"

கொஞ்ச நேரம் கழித்து, "ராத்திரியில அங்க என்ன சத்தம் கேக்கும்?" என்றார். ஆறு, தவளை, எப்போதாவது ஆந்தை என்றேன். "அவ்வளவுதானா," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டை எடுத்தார். அந்த 'அவ்வளவுதானா'வில் கொஞ்சம் பொறாமை இருந்ததாக எனக்குப் பட்டது.

மெல்போர்னில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். கேட் திறந்த பிறகு போங்கள், ஷீப்யார்டு ஃபிளாட்டைத் தாண்டிக் கொஞ்சம் மேலேயும் போங்கள். சோம்பல்படாமல் காற்றை இறக்குங்கள். கிளம்பும்போது நெருப்பை மண் போட்டு மூடாதீர்கள், உள்ளே கனன்றுகொண்டே கிடக்கும். தண்ணீர் ஊற்றுங்கள், பத்து லிட்டராவது கையில் இருக்கட்டும். சாம்பலில் கை வைத்துப் பார்த்து, சுடவில்லை என்றால் மட்டும் வண்டியை எடுங்கள்.