பத்து நாள் பனி

கனடாவில் மற்ற ஊர்க்காரர்கள் நாலு பேர் கூடினால் வான்கூவரைக் கிண்டல் செய்யாமல் கலைய மாட்டார்கள். இரண்டு அங்குலம் பனி விழுந்தால் ஊரையே இழுத்து மூடிவிடுவார்களாம், பனியில் குடை பிடித்து நடப்பார்களாம். குடை விஷயம் உண்மைதான், நானும் பிடித்திருக்கிறேன். இங்கே விழுவது பாதி பனி, பாதி மழை. 2017 ஜனவரியில் நடைபாதையில் தூவ நகராட்சி தீயணைப்பு நிலையங்களில் உப்பை இலவசமாகக் கொடுத்தது. ஜனம் வாளியோடு போய் மொய்த்த அந்தக் கதையை டொராண்டோக்காரர்கள் இன்னும் விடவில்லை.

மான்ட்ரியலில் ஒரு வருஷத்துக்கு 200 செ.மீ.க்கு மேல் பனி விழும். வான்கூவரில் சராசரி 40 செ.மீ. கூட இல்லை. எண்ணிப் பார்த்தால் மொத்தமே பத்து நாள் பனி, சில வருஷம் அதுவும் கிடையாது. ஆனால் மைனஸ் 20-இல் கிடக்கிற பனி மணல் மாதிரி, மிதித்தால் நறநறவென்று இருக்கும். டயர் அதைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். பூஜ்யத்தை ஒட்டிய பனிதான் மோசம். சக்கரத்தின் அழுத்தத்திலும் உராய்விலும் மேலே மெல்லிய தண்ணீர்ப் படலம் வந்துவிடும். ஐஸ் மேல் தண்ணீர் ஊற்றி அதன் மேல் வண்டி ஓட்டுகிற கதை. சாயங்காலம் மழை, ராத்திரி பனி, விடியற்காலை அது இறுகிக் கண்ணாடி. இந்த ஊரில் ஒரே நாளில் மூன்றும் நடக்கும். போதாததற்கு ஊர் முழுக்க மேடு பள்ளம்.

நான் நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு முதியோர் இல்லத்தில் கேர் எய்டாக வேலை செய்கிறேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கையில் இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது. புரட்டாமல் விட்டால் புண் வந்துவிடும். ஒரே ஆளாகப் பலரைப் புரட்ட முடியாது, எங்களுடையது இரண்டு பேர் வேலை. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து சேராமல் இருக்கிற ஆள் கிளம்ப முடியாது. வீட்டிலிருந்தே லேப்டாப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாத வேலைகளில் இதுவும் ஒன்று.

2022 நவம்பர் 29, செவ்வாய்க்கிழமை. எனக்கு மூன்றிலிருந்து பதினொன்று வரை ஷிப்ட். மத்தியானத்துக்கு மேல் பனி ஆரம்பித்தது. வேலை விட்டு ஜனம் வீடு திரும்பும் நேரத்தில் அலெக்ஸ் ஃபிரேசர் பாலமும் குவீன்ஸ்பரோ பாலமும் அடைத்துக்கொண்டன. பாலங்களின் ஏற்றத்தில் லாரிகள் குறுக்கே மடங்கி நின்றன. பத்து மணி நேரத்துக்கு மேல் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. என்னை மாற்றிவிட வேண்டிய பிலிப்பைன்ஸ் அக்கா டெல்டாவிலிருந்து ஒன்பது மணிக்குக் கிளம்பினார், காலை ஐந்து மணிக்கு வந்தார். அவர் காரில் நல்ல குளிர்கால டயர்தான் போட்டிருந்தது. முன்னால் நிற்கிறவன் டயரும் நல்ல டயராக இருந்தால்தானே நம் டயருக்கு வேலை? மிதமான குளிருள்ள ஊர்களின் சிக்கலே இதுதான். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை எல்லாக் காரிலும் குளிர்கால டயர் கட்டாயம். இங்கே அக்டோபர் 1 முதல் மலைப்பாதை நெடுஞ்சாலைகளில் மட்டும்தான் சட்டம், ஊருக்குள் அவரவர் இஷ்டம். யார் எதைப் போட்டிருக்கிறார்கள் என்று சறுக்கும்போதுதான் தெரியும்.

அந்த ராத்திரி ஒன்பது பேரைப் புரட்டினோம், நானும் இன்னொருவரும். தொண்ணூறு தாண்டிய ஒரு பாட்டி தூங்காமல் ஜன்னலைப் பார்த்து, அவருடைய அப்பா எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரோட்டில் பனி என்று சொன்னேன். அது போதுமான பதிலாக இருந்தது அவருக்கு. எனக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க பஸ்தான். அடுத்த செப்டம்பரில் ஒரு பழைய கொரோலா வாங்கினேன். வாங்கிய கையோடு டயர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், மான்ட்ரியலில் இருபது வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். விலைப் பட்டியலை எடுப்பதற்கு முன்னால் என்னை விசாரித்தார்.

"எங்க ஓடுறீர்? விஸ்லர், கம்லூப்ஸ் பக்கம் போறனீரோ?"

"இல்லண்ணே. சர்ரேலருந்து நியூ வெஸ்ட். நைட் ஷிப்டும் வரும்."

"அப்ப வடிவா யோசிச்சுச் செய்வம். மான்ட்ரியல் ஸ்னோ நேர்மையானது தம்பி, வந்தா நாலு மாசம் நிக்கும். இஞ்ச ரெண்டு நாள் நிண்டு ஆளை விழுத்திப்போட்டுப் போயிடும்."

மூன்று வகை காட்டினார். என் காரில் ஏற்கெனவே இருந்தது 'ஆல் சீசன்', எல்லாப் பருவத்துக்கும் என்று பெயர். பக்கவாட்டில் எம் பிளஸ் எஸ் என்று எழுதியிருந்தது, சேறும் பனியும் என்று அர்த்தம். இங்கே அது டயரின் வரிப்பள்ளங்களின் அமைப்பை மட்டும்தான் குறிக்கிறது, பனியில் ஓட்டிச் சோதித்துக் கொடுத்த முத்திரை கிடையாது. இந்த மாகாணத்தின் பல மலைப்பாதைகளில் 3.5 மி.மீ. ஆழம் மிச்சமிருந்தால் அந்த டயரே சட்டப்படி போதும். ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து அது செல்லாது. அங்கே மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்த டயர்தான் குளிர்கால டயர். அந்தச் சின்னம் வேண்டுமென்றால், இறுகிய பனியில் ஒரு மாதிரி டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகப் பிடிக்க வேண்டும். இங்கே வழக்கமான சோதனை முன்னோக்கி இழுக்கும் பிடியைத்தான் அளக்கிறது. ஐஸில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை அந்தச் சின்னம் சொல்லாது.

சின்னம் உள்ளவற்றில் இரண்டு வகை. ஒன்று முழுக்கக் குளிர்கால டயர். ஏப்ரலில் கழற்றி வைத்து அக்டோபரில் மாட்ட வேண்டும். இன்னொன்று 'ஆல் வெதர்', கழற்றவே வேண்டாம். பெயரைக் கேட்டால் ஆல் சீசனுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது, குழப்புவதற்கென்றே வைத்த பெயர் என்று நினைக்கிறேன். ஐஸில் நிற்பதில் இது முழுக் குளிர்கால டயருக்குக் கொஞ்சம் கீழேதான். கோக்கிஹாலா மலைப்பாதையில் வாராவாரம் போகிறவனுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். என் கணக்கு வேறு. ஏறக்குறைய ஏழு டிகிரிக்குக் கீழே போனால் கோடைகால ரப்பர் விறைக்க ஆரம்பிக்கும் என்பார்கள். வான்கூவரில் டிசம்பர், ஜனவரியின் பகல் உச்சமே ஆறு, ஏழுதான். ஆக எனக்கு டயர் பத்து நாள் பனிக்காக மட்டும் இல்லை, மூன்று மாசக் குளிர்ந்த மழைக்கும் சேர்த்து. தவிர, ஒற்றை அறை அபார்ட்மெண்டில் நாலு டயரை எங்கே அடுக்குவது?

ஆல் வெதரையே சொன்னேன். மாட்டுக்கூலியோடு 900 டாலர். முன்னால் இரண்டு மட்டும் போட்டால் பாதிக் காசு ஆகுமே என்று கேட்டேன். "சனம் கேக்கும். நான் போடமாட்டன். முன்னுக்குப் பிடிக்கும், பின்னுக்குப் பிடிக்காது. பிரேக்கில கால் வைக்க வால் முன்னுக்கு வந்திடும்."

எங்கள் ஊர் நாமக்கல். அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். காலையில் கிளம்பும் முன் இரும்பு ராடால் ஒவ்வொரு டயராகத் தட்டி, சத்தத்திலேயே காற்று குறைந்ததைக் கண்டுபிடிப்பார். எங்கள் பக்கம் டயர் தேய்ந்தால் தூக்கிப் போடுவதில்லை, ரீட்ரேடிங் பட்டறைக்குப் போய்ப் புது ரப்பர் ஒட்டிக்கொண்டு திரும்பும். அப்படிப்பட்ட ஆளிடம் 55,000 ரூபாய்க்கு டயர் வாங்கியிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? வீடியோ காலில் டயரையே காட்டிவிட்டேன். விலையை அவர் கேட்கவே இல்லை.

"கிட்டக் காட்டு கண்ணு. இதென்ன, ரப்பர் பூரா பிளேடுல கீறியுட்ட மாதிரி இருக்குது?"

அந்தக் கீறல்கள்தான் விஷயம் என்றேன். சக்கரம் உருளும்போது ஒவ்வொரு கீறலும் விரிந்து பனியைக் கவ்வும். ரப்பரும் மெதுவானது, குளிரிலும் விறைக்காது.

"மெத்துனு இருந்தா வெயில்ல தேஞ்சு போயிருமே?"

இதற்காகத் தமிழில் ஒரு கட்டுரையும் அவர் படித்ததில்லை. ஆமாம், கோடையில் சீக்கிரம் தேயும், அது தெரிந்துதான் வாங்கினேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, நம்ம ஊரில் கோடை முடிந்து விழுகிற முதல் மழையில் ஓட்டுகிற மாதிரி ஓட்டு என்றார். மாசக்கணக்கில் படிந்த ஆயிலும் தூசியும் தண்ணீரில் கலந்து ரோடு வழுக்கும் அந்த முதல் அரை மணி நேரம். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசியில் அந்த மழையில் சுமையோடு இறங்கியவர் அவர். பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே முடித்துவிடு, வளைவுக்குள் கால் வைக்காதே. பனியைப் பார்க்காதவர் சொன்னதில் ஒன்றும் மாற்றத் தேவைப்படவில்லை.

நான் சேர்த்துக்கொண்டவை கொஞ்சம். முதல் பனி விழுந்த அன்று காலியான ஒரு பார்க்கிங்கில் 20 கி.மீ. வேகத்தில் வேண்டுமென்றே பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலடியில் கடகடவென்று அதிரும், பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. தரையின் சூடு கிடைக்காத பாலங்கள் மற்ற ரோட்டுக்கு முன்னாலேயே உறையும். நாலு சக்கரத்துக்கும் விசை போகிற பெரிய கார்களைப் பார்த்து ஏமாறக் கூடாது. அவை சீக்கிரம் கிளம்பும், பிரேக்குக்கு நம் மாதிரி அதே நாலு டயர்தான். பள்ளத்தில் கிடக்கிற கார்களில் அந்த ஜாதி நிறைய.

மறு வருஷம் ஜனவரியில் ஒரு ராத்திரி, பதினொரு மணி ஷிப்டுக்கு ஒன்பதே காலுக்குக் கிளம்பினேன். 25-க்கு மேல் போகவில்லை. நியூ வெஸ்ட்மின்ஸ்டர் மேட்டின் கீழே சிக்னலில் நின்று பார்த்தேன். பாதி ஏற்றத்தில் ஒரு வேன் குறுக்கே திரும்பி நின்றது, அதன் பின்னால் ஒரு டாக்ஸி சக்கரம் மட்டும் சுற்றியது. நடுவில் நின்றால் திரும்பக் கிளம்ப முடியாது, அதனால் வழி காலியாகும்வரை கீழேயே நின்றேன். பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார், அடிக்கட்டும். பன்னிரண்டு நிமிஷம். பிறகு இரண்டாம் கியரில், கால் அசையாமல், ஒரே மூச்சில் ஏறினேன்.

பத்து ஐம்பதுக்கு உள்ளே போனபோது பிலிப்பைன்ஸ் அக்கா வாசலில் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். பாலம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். உப்பு லாரி இப்போதுதான் தாண்டிப் போனது, பத்து நிமிஷம் பொறுத்துக் கிளம்புங்கள் என்றேன். கோட்டைக் கழற்றாமலே திரும்பி வந்து, பதினான்காம் அறைத் தாத்தாவை என்னோடு ஒரு கை பிடித்துப் புரட்டிவிட்டுப் போனார்.