அந்த நாலு அடியையும் எடுக்காதை

கரவெட்டி

அன்புள்ள தம்பிக்கு,

பிரதம விருந்தினராக வாற அரசியல்வாதியின்ரை ஆக்கள் உங்கடை பாட்டிலை காணி பற்றின நாலு அடியையும் எடுக்கச் சொல்லுகினம் எண்டு எழுதியிருந்தாய். அம்மா எடுத்துப்போட்டுப் பாடச் சொல்லுறா. அவவின்ரை பயம் பொய்யில்லை. மன்னார்க் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீமை ஒரு கவிதைப் புத்தகத்துக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்திலை பிடிச்சவை. பிணை கிடைக்கவே ஒண்டரை வருஷம் போச்சுது. குற்றமில்லையெண்டு நீதிமன்றம் விட்டது 2023 டிசம்பரிலைதான்.

அப்பிடியிருந்தும் எடுக்காதை எண்டுதான் சொல்லுவன்.

திருச்சிக் கோவனை யோசிச்சுப் பார். மக்கள் கலை இலக்கியக் கழகத்துப் பாடகர். சாராயக்கடையளை மூடச்சொல்லி, முதலமைச்சர் ஜெயலலிதாவைக் கண்டிச்சுப் பாடினதுக்கு 2015 ஒக்டோபர் 30ஆம் திகதி விடியமுந்தி வீட்டிலை வந்து பிடிச்சவை. போட்டது தேசத்துரோக வழக்கு. ஒரு பறையும் நாலு குரலும் அரசை அவ்வளவு உலுப்பியிருக்கு. பிணையிலை வந்த மனிசன் திரும்பவும் பாடினார். அடுத்த மே மாதம், திரும்பப் பதவியேற்ற அதே ஜெயலலிதா முதல் நாளே 500 கடையை மூடக் கையெழுத்து வைச்சா. 2018இலை மோடியைப் பற்றிப் பாடினதுக்கு அவரைத் திரும்பவும் பிடிச்சவை.

அவருக்கு முந்தி, வெள்ளைக்காரன் காலத்து நாடக நடிகர் விஸ்வநாததாஸ். வள்ளி திருமணத்திலை பறவை விரட்டிற இடத்திலை வெள்ளைக்காரனை வெள்ளைக்கொக்காக்கிப் பாடினவர். எத்தினை தரம் மறியலுக்குப் போனாலும் விடேல்லை. 1940இலை மேடையிலைதான் சீவன் போனது. எங்கடை இசை நாடகக்காரரும் ஆடின அதே வள்ளி திருமணம்தான், அதைப் போய் ராசத்துரோகம் எண்டவை!

கேவலமான பாட்டு வரியளைப் பற்றி 1985இலை நடந்த அமெரிக்க செனட் விசாரணையிலை, இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவோடை பாடகர் ஜோன் டென்வரும் போய்ச் சாட்சி சொன்னார். மலையழகைப் பாடின தன்ரை பாட்டைப் போதைப் பாட்டெண்டு சில வானொலிகள் ஒதுக்கினதை அவர் அங்கை சொன்னவர். வெட்டுறவைக்குப் பாட்டு விளங்கவேணும் எண்டில்லை.

கேவலமான பாட்டுகளை நானும் வெறுக்கிறன். அதைக் கேக்கிறவை சொல்லட்டும், அதிகாரத்திலை இருக்கிறவை சொல்லக்கூடாது. காணி போனதுகளின்ரை கதையைப் பாடுறது கேவலமில்லை.

சாதித் தடையை எதிர்த்த மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தை நெல்லியடி அம்பலத்தாடிகள் குழு 'கந்தன் கருணை' எண்டு கூத்தாக ஆடின மண் இது.

தனிய நிக்காதை. அண்டைக்குப் பாடப்போற மற்றக் குழுக்களோடையும் கதை. முழுப்பாட்டும் பாட விடாட்டி ஒருத்தரும் மேடையேற மாட்டம் எண்டு எல்லாருமாக் கையெழுத்து வைச்சு எழுத்திலை குடுங்கோ. அம்மாவோடை நான் கதைக்கிறன்.

அன்புடன்,
அக்கா