நின்றால் கொதிக்கும் வண்டி

பழுதுபட்ட மோட்டார் வண்டியைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும் எங்கள் வட்டாரத்தில் வண்டி ஆடம்பரப் பொருளன்று என்பதை வாசகர் அறிவர். 1917ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவான தென்னமரம் எங்கள் பக்கத்ததே. இப்போது பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தை முதல் ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் வரை எங்கு நோக்கினும் செம்பனையே. மருந்து வாங்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், நோயாளியை மருத்துவரிடம் சேர்க்கவும் வண்டியொன்று இல்லாவிடில் தோட்டத்துக் குடும்பம் கால் ஒடிந்ததாகவே ஆகிவிடும்.

நான் ஒரு தோட்டத்துக் கிராணி. வயது முப்பத்தைந்தைக் கடந்துவிட்டது. அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் போதிக்கும் திட்டம் 2003ஆம் ஆண்டில் பள்ளிகளுக்கு வந்தபோது இடைநிலைப் பள்ளியில் கால் வைத்தவன். மின்சாரத்தைப் பற்றிய விதிகளை ஆங்கிலத்தில் மனப்பாடமாக ஒப்பிப்பேன். என் தந்தையாரோ இதே தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்ததே அவருடைய படிப்பு. சேமநிதிப் பணத்தில் அவர் வாங்கிய பழைய வண்டியே இன்றும் எங்கள் குடும்ப வண்டி.

சிறுநீரகம் பழுதுற்ற என் தாயாருக்கு வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்பு நடைபெறுகிறது. அதற்காக ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை வழியாகக் கிள்ளானுக்குப் போகவேண்டும். சென்ற ஆண்டு ஒரு நாள், காப்பார் நெரிசலில் வண்டிகள் நகராமல் நின்றபோது, வெப்பங்காட்டும் முள் மெல்ல மெல்ல மேலேறியது. சிறிது நேரத்தில் வண்டியின் முன்புறமிருந்து ஆவி எழுந்தது. ஓரங்கட்டி நிறுத்தி, ஆறவிட்டு, நீர் ஊற்றி, ஒருவாறு போய்ச் சேர்ந்தோம்.

மறுநாளே வண்டியை ஒரு பட்டறையில் விட்டேன். அதன் பெயர் இங்கு வேண்டா. தண்ணீர்ப் பம்பு போயிற்று என்றார்கள், மாற்றினார்கள். தெர்மோஸ்டாட்டும் பழசு என்றார்கள், அதையும் மாற்றினார்கள். எழுநூறு வெள்ளி கொடுத்தேன். எதைச் சோதித்து அம்முடிவுக்கு வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டேனில்லை. ஆபீசில் பத்து வெள்ளிச் செலவுக்கும் ரசீது கேட்டு வாதாடும் நான், கேட்டால் அறியாமை வெளிப்படுமோ என்று நாணி வாளாவிருந்தேன்.

வீடு திரும்பிய அன்று மாலை தந்தையார், "தம்பி, ஓடும்போது முள் ஏறவில்லை, நிற்கும்போதுதான் ஏறுகிறது. அப்படியானால் குறை தண்ணீரில் இல்லை, காற்றில் இருக்கிறது. விசிறி சுற்றுகிறதா என்று பார்த்தாயா?" என்று கேட்டார்.

"அப்பா, இது டிராக்டர் அல்ல. படித்தவர்கள் பார்த்துச் செய்திருக்கிறார்கள்" என்றேன். அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அதே காப்பாரில் முள் மறுபடியும் ஏறியது. அம்முறை தாயார் இரண்டு மணி நேரம் தாமதமாகவே சென்று சேர்ந்தார். சாலையோரத்து வெயிலில், வீங்கிய கால்களோடு, "பரவாயில்லை, ஐயா, நீ பதறாதே" என்று எனக்கு அவர் ஆறுதல் கூறியதை நினைக்க இன்றும் நெஞ்சு கூசுகிறது. பின்னாசனத்தில் இருந்த தந்தையார் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் அன்றே சொன்னேன்" என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே வலியச் சென்று, "அப்பா, கொஞ்சம் பாருங்கள்" என்றேன். அவருக்கு இப்போது கண் மங்கல். ஆகவே கை என்னுடையது. கண்ணும் காதும் அறிவும் அவருடையவை.

டிராக்டரின் விசிறி பட்டையால் சுழல்வது; பட்டை அறாதவரை இயந்திரம் ஓடினால் அதுவும் ஓடும். சிறு கார்கள் பலவற்றிலோ இயந்திரம் குறுக்காக வைக்கப்பட்டிருக்கிறது. 1985ஆம் ஆண்டில் வெளிவந்த புரோட்டோன் சாகாவும் அவ்வாறே. குறுக்கே கிடக்கும் இயந்திரத்திலிருந்து பட்டை இழுத்து முன்னாலுள்ள ரேடியேட்டரின் விசிறியைச் சுழற்றுவது எளிதன்று. எனவே மின்சார மோட்டார் அவ்வேலையைச் செய்கிறது. வண்டி விரைந்து ஓடுகையில் எதிர்க்காற்றே போதும். நின்றாலோ மெல்ல நகர்ந்தாலோதான் விசிறி வேண்டும். நீர் சூடேறியதும் வெப்ப சுவிட்சு மூடிக்கொள்ள, அது ரிலேயைத் தூண்ட, ரிலே பாட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு அனுப்புகிறது. இச்சங்கிலியில் எக்கண்ணி அறுந்தாலும் விசிறி சுழலாது.

தந்தையார் முதலில் இரண்டு எச்சரிக்கைகள் தந்தார். சூடாயிருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கலாகாது; அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதியாமல் நிற்கும், மூடி திறந்த கணமே பொங்கி முகத்தில் பாயும். விசிறியின் அருகே கையை நீட்டலாகாது. சில வண்டிகளில் இயந்திரத்தை நிறுத்திய பின்னும் அது திடீரெனச் சுழலும்.

பிறகு சோதனை தொடங்கிற்று. ஆறிய வண்டியில் நீரின் அளவு பார்த்தோம், சரி. பியூஸ் பார்த்தோம், சரி. விசிறியின் இணைப்பைக் கழற்றி, இரண்டு ஒயர்களால் பாட்டரியிலிருந்து நேரே மின்சாரம் கொடுத்தோம். விசிறி உறுமிச் சுழன்றது. ஆக மோட்டார் நலம். இயந்திரத்தை ஓடவிட்டுச் சூடேற்றினோம். முள் நடுவைத் தாண்டியதும் ரிலேயிலிருந்து "டக்" என்றொரு ஓசை எழுந்தது. தந்தையாரின் காதுக்கே அது முதலில் கேட்டது. ஆக வெப்ப சுவிட்சும் தன் கடமையைச் செய்தது.

அவர் தம் பழைய பெட்டியிலிருந்து ஒரு சிறு விளக்கை எடுத்தார். டிராக்டரின் பழைய பல்பு ஒன்றும் ஒயர் இரண்டுமே அக்கருவி. மின்சாரம் வரும் முனையில் ஒரு ஒயரையும் பாட்டரியின் எதிர்முனையில் மற்றதையும் வைத்தேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. பிறகு அந்த மற்ற ஒயரை மட்டும் எடுத்து விசிறி இணைப்பின் கறுப்பு ஒயரில் வைத்தேன், விளக்கு இருண்டது.

"கரண்டுக்குப் போக ஒரு வழி, திரும்ப ஒரு வழி, தம்பி. போகும் வழியை எல்லாரும் பார்ப்பார்கள். திரும்பும் வழியைப் பார்ப்பதில்லை" என்றார்.

கறுப்பு ஒயரைத் தொடர்ந்து சென்றேன். வண்டியின் உடற்தகட்டோடு அது இணைந்த ஆணியில் பச்சையும் பழுப்புமாகத் துரு மண்டிக் கிடந்தது. கழற்றினேன், உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்தேன், இறுக முடுக்கினேன். இணைப்பை மாட்டியதும் விசிறி சுழன்றது. ஒரு காசு செலவில்லை.

மின்தடை கூடினால் மின்னோட்டம் குறையும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். அந்தத் தடை ஒரு துருப்பிடித்த ஆணியின் உருவில் என் கண்முன் இருந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. என் பள்ளிப்படிப்பை நான் பழிக்கவில்லை. அன்றிரவு, அதுகாறும் பிரியாதிருந்த ஆங்கிலக் கையேட்டைப் பிரித்து, வண்டியின் மின்வரைபடத்தைத் தந்தையாருக்குத் தமிழில் விளக்கிச் சொன்னேன். ஒவ்வொரு கோட்டுக்கும் அவர் தலையசைத்தார். "இது முன்பே தெரிந்திருந்தால் எத்தனை டிராக்டரைச் சீக்கிரம் சரி செய்திருப்பேன்" என்றார். பேனா பிடிக்கும் கை உயர்ந்தது, எண்ணெய் படிந்த கை தாழ்ந்தது என்னும் எண்ணம் தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்தோடு ஒழியவில்லை. அது என் வீட்டுக்குள்ளேயே, எனக்கும் என் தந்தைக்கும் நடுவே இருந்தது.

அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். பழைய வண்டி நிற்கும்போது மட்டும் சூடேறினால், பணப்பையைத் திறக்குமுன் விசிறியைப் பாருங்கள். பட்டறைக்காரர் ஒரு பொருளை மாற்றச் சொன்னால், எப்படிச் சோதித்தீர்கள் என்று மரியாதையோடு கேளுங்கள். நேர்மையானவர் அக்கேள்வியால் சினங்கொள்ளார்.

இப்போதும் வாரம் மும்முறை கிள்ளான் போகிறோம். காப்பாரில் வண்டிகள் நிற்கும்போது நான் வானொலியை அணைத்துவிடுகிறேன். சற்று நேரத்தில் முன்னாலிருந்து விசிறியின் இரைச்சல் எழும். பின்னாசனத்தில் தாயார் உறங்கிக்கொண்டிருப்பார். கண்ணாடியில் தந்தையாரைப் பார்ப்பேன். அவரும் அதையே கேட்டுக்கொண்டிருப்பார்.