குறிப்புக் கோப்பு எழுதுகிறவர்கள்

தமிழ்நாடு அரசின் ஆணை எதை எடுத்தாலும் முடிவில் ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்ற வரி இருக்கும். அதன் கீழே துறைச் செயலாளரின் பெயர். பெறுநர் பட்டியலும் முடிந்த பிறகு, ‘ஆணைப்படி அனுப்பப்படுகிறது’ என்று போட்டு ஒரு பிரிவு அலுவலர் கையெழுத்திட்டிருப்பார். அந்தக் கையெழுத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் ஆணையில் உள்ள ஒவ்வொரு எண்ணும் முதலில் அவருடைய பிரிவின் மேசையில்தான் கூட்டிக் கழித்துச் சரிபார்க்கப்பட்டது. அந்த மேசையைப் பார்க்கத்தான் புனித ஜார்ஜ் கோட்டை வளாகத்தில் இருக்கும் நாமக்கல் கவிஞர் மாளிகைக்குப் போனேன்.

நலத்துறை ஒன்றின் பிரிவு அது. பிரிவு அலுவலர் ஓர் அம்மையார். தலைமைச் செயலகத்திலேயே நெடுங்காலம் பணிபுரிந்தவர். பெயர் போட வேண்டாம் என்றார். நடப்பில் உள்ள எந்தக் கோப்பையும் வெளியாளுக்குக் காட்ட மாட்டேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டார். கணினித் திரையில் மின் அலுவலகம் திறந்திருந்தது. அலமாரியில் பழைய காகிதக் கட்டுகளும் இருந்தன.

கோப்புக்கு இரண்டு பாகம். வந்த கடிதங்களும் போன கடிதங்களும் பக்க எண்ணோடு அடுக்கப்படுவது நடப்புக் கோப்பு. அதைப் படித்து, விதி என்ன, முன்பு இதேபோல் வந்தபோது என்ன செய்தார்கள், செலவு எவ்வளவு, என்னென்ன வழிகள் உண்டு என்று பத்தி பத்தியாக எழுதுவது குறிப்புக் கோப்பு. உதவிப் பிரிவு அலுவலர் தொடங்கி வைப்பதைப் பிரிவு அலுவலர் திருத்துவார். பிறகு சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் என்று செயலாளர் வரை ஏறும்; தேவைப்பட்டால் அமைச்சர் வரைக்கும். மேலே உள்ளவருக்கு ஒரு கோப்புக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் அவர் சரியான முடிவுக்கு வர வேண்டுமானால், கீழே எழுதியவர் எதையும் மறைக்காமலும் எதையும் ஊதிப் பெருக்காமலும் எழுதியிருக்க வேண்டும். வெறும் குமாஸ்தா வேலை என்று இதைத் தள்ளிவிடும் பேச்சை நான் ஏற்கவில்லை.

முடிந்துபோன ஒரு கோப்பின் கதையை, ஊர்ப்பெயர் சொல்லாமல் சொன்னார். மலைப்பகுதி மாணவர் விடுதி ஒன்றுக்குக் கூடுதலாக ஒரு சமையலர் பணியிடம் கேட்டுக் கருத்துரு வந்திருக்கிறது. கேட்டது ஒரே ஒரு பணியிடம். ஆனால் பணியிடம் என்பது தொடர் செலவினம்: ஊதியம், அகவிலைப்படி, ஆண்டு ஊதிய உயர்வு என்று நீளும். மற்ற விடுதிகளும் அந்த ஆணையை முன்மாதிரியாகக் காட்டிக் கேட்கும். நிதித் துறையின் இசைவு இல்லாமல் ஆணை பிறக்காது, அங்கே முதல் கேள்வியே, “பக்கத்து விடுதியில் உபரி ஆள் இல்லையா, பணி நிரவல் செய்ய முடியாதா?” என்பதாக இருக்கும்.

கருத்துருவில் மாணவர் எண்ணிக்கையின் ஆண்டுச் சராசரி மட்டும் இருந்தது. அதைப் பார்த்தால் இருக்கும் ஆட்களே போதும் என்றுதான் தோன்றும். இவர் மாதவாரி வருகையைக் கேட்டு வாங்கினார். அறுவடைக் காலத்தில் பெற்றோருடன் வெளியூர் போகும் பிள்ளைகள் திரும்பிவரும் மாதங்களில் விடுதி நிரம்பி வழிந்தது தெரிந்தது. உபரிச் சமையலரோடு இன்னொரு விடுதியும் இருந்தது. வரைபடத்தில் பக்கம்தான். அங்கிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அது வந்து சேருவதற்குள் பிள்ளைகள் காலைச் சாப்பாட்டை முடித்துப் பள்ளிக்குக் கிளம்பியிருக்க வேண்டும்.

புதுப் பணியிடம், பணி நிரவல், நிரம்பும் மாதங்களுக்கு மட்டும் தொகுப்பூதியத்தில் ஆள் என்று மூன்று வழிகளையும் செலவோடும் இடைஞ்சலோடும் எழுதினார். பரிந்துரைத்தது முதல் வழியை. மேலே ஏற்கப்பட்டது இரண்டாவது. ஆனால் மாற்றப்படும் சமையலருக்கு விடுதி வளாகத்திலேயே தங்க அறை தர வேண்டும் என்ற நிபந்தனையும் ஆணையில் ஏறியது. பஸ் நேரம் குறிப்பில் இல்லாமல் போயிருந்தால் அந்த நிபந்தனையும் இருந்திருக்காது.

“நான் சொன்னதை ஏத்துக்கணும்னு இல்லைங்க. ஆனா என்ன தெரிஞ்சு முடிவெடுத்தாங்கன்னு அதுல இருக்கணும்” என்றார்.

இந்தப் பேச்சின் கனம் எனக்குப் பெரிதாகப் பட்டது. முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் வேறு சிலரும் தொடுத்த வழக்கில், அதிகாரிகள் வாய்மொழி உத்தரவை மட்டும் நம்பிச் செயல்படக் கூடாது, அதை எழுத்தில் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. கோப்பின் குறிப்புரைகளையும் குடிமக்கள் கேட்டுப் பெறலாம் என்று மத்தியத் தகவல் ஆணையம் மறு ஆண்டே சொல்லிவிட்டது. விடுதி இருக்கும் ஊரின் ஒரு தகப்பன், தன் பிள்ளையின் சாப்பாட்டைப் பற்றி அரசு என்ன யோசித்தது என்பதைப் படித்துப் பார்க்கலாம். அப்படிப் படிக்கத் தகுந்ததாக ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்பது இந்த மேசையைப் பொறுத்தது.

கோப்பு எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்பதும் ஒரு முடிவுதான். டோட்டன்ஹாம் என்ற கோப்புப் பராமரிப்பு முறையில் வளர்ந்த மாவட்ட அலுவலகங்களில், முடித்த கோப்பின் மேல் போடும் குறி ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். பத்தாண்டு, கே.டிஸ். மூன்றாண்டு, எல்.டிஸ். ஓராண்டு. ஓராண்டில் அழிக்கக் குறித்துவிட்டால், பிறகு முன்மாதிரி தேடுபவருக்கு அது கிடைக்காது.

தாமதத்தைப் பற்றிக் கேட்டேன். மழுப்பவில்லை. ஒரு விவரம் கேட்டுக் கடிதம் போய், மாவட்டம் வரை இறங்கித் திரும்ப ஒரு மாதம்கூட ஆகும். அது வந்ததும் அடுத்த விவரத்தைக் கேட்டால் இன்னொரு மாதம். “ஒவ்வொண்ணா கேட்கறதுதான் இங்க பெரிய பாவம். கேட்க வேண்டியதை எல்லாம் ஒரே தடவையில கேட்டுடணும். நாம யோசிக்காம விட்ட கேள்விக்கு அங்க பசங்கதான் காத்துக்கிட்டு இருப்பாங்க.” மானியக் கோரிக்கைக் காலத்தில் சட்டமன்றக் கேள்விகளும் கொள்கை விளக்கக் குறிப்பும் சேர்ந்து நெருக்கும்போது, இந்தப் பொறுமை கைவிட்டுப் போவதும் உண்டு என்றார்.

பேசிக்கொண்டிருந்தபோது, பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆன உதவிப் பிரிவு அலுவலர் ஒருவர் வரைவுக் கடிதத்தோடு வந்தார். இன்னொரு விடுதிக்குக் குளியலறை கட்டும் கருத்துரு. மதிப்பீடு, மாணவர் எண்ணிக்கை, நிலத்தின் உரிமை என்று மூன்று விவரங்கள் கேட்டிருந்தார்.

“தண்ணி எங்கிருந்து வருது தம்பி?”

அவர் யோசித்தார்.

“அதையும் நாலாவதா சேர்த்துடுங்க. கோடையில கிணத்துல தண்ணி இருக்குமான்னும் கேளுங்க. இன்னைக்கே போகட்டும்.”